கண்ணாடித் தொட்டியில் பேத்தை மீன்

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கம் கரையில் வலை இழுப்பதைப் பார்த்தவர்கள் பேத்தை மீனை அறிவார்கள். மணலில் விழுந்தவுடன் அது பந்து போல் உப்பி, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும். மீனவர் அதைக் கூடையில் சேர்க்காமல் அப்பால் வீசிவிடுவார். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் அதனை எடுத்துப் புட்டியில் போட்டு வீட்டிற்குக் கொண்டுவருவதும் உண்டு. மறுநாள் காலையில் மீன் செத்துக் கிடக்கும்.

இப்போது நகரங்களில் உள்ள வண்ண மீன் கடைகளில் நன்னீரில் வாழும் குள்ளப் பேத்தையும் விற்கப்படுகிறது. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இம்மீனை வாங்கி வந்தவர்கள், "ஒரு வாரம்கூடத் தங்கவில்லை" என்று குறைபடுவதைக் கேட்கிறோம். குறை பெரும்பாலும் மீனிடம் இல்லை. பக்குவப்படாத நீரில் மீனை விட்டதே காரணம். உழாமல், சேறு கலக்காமல் நாற்றை நட்டால் பயிர் என்ன ஆகும் என்பது உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீன் தொட்டியும் ஒரு சிறு வயலே. அதனை முதலில் தயார் செய்து, பிறகே மீனை விட வேண்டும். இதனை எவ்வாறு செய்வது என்று இக்கட்டுரையில் காண்போம்.

எந்தப் பேத்தையை வளர்க்கலாம்?

பேத்தைக் குடும்பத்தில் கடல் மீன்களும், உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுக மீன்களும், நன்னீர் மீன்களும் உள்ளன. பாமணியாறும் கோரையாறும் சென்று சேரும் முத்துப்பேட்டைக் காயலில் கிடைப்பவை கழிமுகத்திற்கும் கடலுக்கும் உரியவை. இவற்றை வாய்க்கால் நீரிலோ கிணற்று நீரிலோ விட்டால் நெடுநாள் வாழா. இவற்றில் சில இனங்கள் ஒரு சாண் நீளமும், சில ஓர் அடி நீளமும் வளரக்கூடியவை. இவற்றிற்குப் பெரிய தொட்டியும், கடல் உப்புக் கலவையிட்ட நீரும் தேவை. சமையல் உப்பு இதற்கு உதவாது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் கடற்கரையில் கிடைக்கும் பேத்தையைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது குள்ளப் பேத்தை. கடைகளில் 'பீ பஃபர்' என்று கேட்க வேண்டும். இது வாழ்நாள் முழுவதும் நன்னீரிலேயே வாழ்வது. நன்கு வளர்ந்த மீன் 2.5 முதல் 3.5 செ.மீ. வரைதான் இருக்கும். இதன் தாயகம் நமது அண்டை மாநிலமாகிய கேரளம். பம்பை, சாலக்குடி முதலிய ஆறுகளில் செடிகள் அடர்ந்த, வேகம் குறைந்த நீரில் இது வாழ்கிறது. 1941ஆம் ஆண்டில் சுந்தர் லால் ஹோரா, கே. கே. நாயர் ஆகிய இருவரும் இம்மீனை முதன்முதலாக அறிவியல் உலகிற்கு விவரித்தனர். திருவிதாங்கூரின் பெயரையே அதற்கு இட்டனர்.

இம்மீன் ஆறுகளிலிருந்து ஏராளமாகப் பிடித்து விற்கப்படுவதாலும், அது வாழும் இடங்கள் கெட்டு வருவதாலும், அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனைச் சேர்த்துள்ளது. நமது தொட்டியில் ஒரு மீன் வீணே சாகுமானால், அதற்குப் பதில் இன்னொரு மீன் ஆற்றிலிருந்து வர வேண்டியிருக்கும். எனவே வளர்ப்பதென்றால் முறையாக வளர்க்க வேண்டும். இயலாதெனில் வாங்காமல் விட்டுவிடுவது மேல்.

உண்ணக் கூடாத மீன்

மீனவர் பேத்தையை வீசி எறிவதற்குத் தக்க காரணம் உண்டு. இம்மீனின் ஈரல், சினை, தோல் ஆகியவற்றில் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நச்சு இருக்கிறது. கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், கருவாடாக உலர்த்தினாலும் இந்நச்சு நீங்குவதில்லை. உண்டவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால் செயலிழந்து, மூச்சு நின்று உயிர் போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, நச்சின் வேகம் தணியும்வரை கருவி மூலம் மூச்சளிப்பதே உயிர் காக்கும் வழி.

1774ஆம் ஆண்டில் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவில் தங்கியிருந்தபோது, இத்தகைய மீன் ஒன்றின் ஈரலையும் சினையையும் சிறிதளவே ருசி பார்த்தார். இரவில் அவருக்குக் கைகால்கள் மரத்துப்போயின. பொருளின் கனம்கூடத் தெரியவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அம்மீனின் குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது.

நன்னீர்ப் பேத்தைகளிலும் நச்சு இருக்கக்கூடும். தொட்டியில் உள்ள மீனைப் பார்ப்பதால் எவ்விதத் தீங்கும் இல்லை. எனினும் செத்த மீனைக் குப்பையில் எறியாமல், கோழியும் வாத்தும் பூனையும் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். தொட்டியில் கைவிட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். "இது பார்க்கும் மீன், தின்னும் மீன் அல்ல" என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தொட்டி அமைத்தல்

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது. அடியில் 3 செ.மீ. கனத்திற்கு ஆற்று மணலைப் பரப்பி, 25 செ.மீ. உயரம்வரை நீர் நிரப்பினால் சுமார் 40 லிட்டர் கொள்ளும். மணலும் நீரும் கண்ணாடியுமாகச் சேர்ந்து எடை 60 கிலோ அளவுக்கு வரும். ஆகையால் ஆடாத பலகை அல்லது கல் திண்ணை மீது வைக்க வேண்டும். நேர் வெயில் படும் சன்னல் ஓரம் ஆகாது.

மணலைக் கலங்கல் போகும்வரை அலசி இட வேண்டும். வயல் மண் இடுதல் கூடாது. அதில் மக்கும் பொருளும் மருந்தின் மிச்சமும் இருக்கும். வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்களை அடர்த்தியாக நட்டு, இரண்டொரு கற்களையும் உடைந்த மண்சட்டித் துண்டுகளையும் ஆங்காங்கே வைக்க வேண்டும். குள்ளப் பேத்தை சண்டைக்கார மீன். ஒன்றை ஒன்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிராதபடி மறைவிடம் இருந்தால் சண்டை குறையும். தாவரங்களைக் குளத்திலிருந்து எடுத்திருந்தால் பல முறை அலசி, சில நாட்கள் தனி வாளி நீரில் வைத்திருந்து, பிறகு நட வேண்டும்.

காற்றுக் குழாயுடன் இணைந்த பஞ்சு வடிகட்டி ஒன்று அவசியம். நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும்.

நீரைப் பொறுத்தவரை, நகராட்சிக் குழாய் நீரானால் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து குளோரின் போன பின் பயன்படுத்தலாம். ஆழ்குழாய் நீரை இரவு முழுவதும் காற்றோட்டத்தில் வைத்த பின் ஊற்றலாம். கடலோரக் கிராமங்களில் நீர் உவர்ப்பாக இருந்தால் பரிசோதித்துக்கொள்வது நலம். கார அமில நிலை 7 முதல் 8 வரை இருப்பது ஏற்றது. வாய்க்கால் நீரை மட்டும் ஊற்றவே கூடாது. குறுவையிலும் சம்பாவிலும் வயலுக்குத் தெளித்த பூச்சிமருந்து வடிகால் வழியே அதில் கலந்திருக்கும். குறிப்பாகப் பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீன்களைக் கொல்ல வல்லவை.

நீரைப் பக்குவப்படுத்துதல்

இப்பகுதியே முக்கியமானது.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது. மிஞ்சிய தீனி அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. நீரின் வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட இதன் கடுமையும் கூடும். புட்டியில் போட்ட பேத்தை மறுநாளே சாவதற்குக் காற்றுக் குறைவுடன் இந்த அம்மோனியாவும் ஒரு காரணம்.

வயலில் யூரியா இட்டால் அது அம்மோனியாவாக மாறுகிறது. காற்றுப் படும் மேல் மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நைட்ரேட் நீர் தேங்கிய நெல் வயலில் கீழிறங்கியும் காற்றில் கலந்தும் வீணாகிறது. ஆகவே வயலில் இம்மாற்றத்தை நாம் விரும்புவதில்லை. மீன் தொட்டியிலோ நிலைமை நேர்மாறானது. அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறினால்தான் மீன் பிழைக்கும். இடையில் வரும் நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் இரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் தடுத்துவிடும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். செடிகளும் அதனை உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் போதிய அளவு இருப்பதில்லை. அவை பஞ்சிலும் மணலிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாற்றங்காலில் நாற்று முற்றும்வரை காத்திருப்பது போல் இதற்கும் காத்திருக்க வேண்டும்.

செய்முறை வருமாறு:

1. மணல், செடி, நீர், வடிகட்டி அனைத்தும் அமைத்து, வடிகட்டியை இரவும் பகலும் ஓட விடவும். மீன் விட வேண்டாம்.

2. இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவவும். அது அழுகி அம்மோனியா தரும். பாக்டீரியாவுக்கு அதுவே உணவு.

3. வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் நீர்ப் பரிசோதனைப் பெட்டியை வாங்கி, வாரம் இரு முறை பார்த்து எழுதி வைக்கவும். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கி நைட்ரேட் தோன்றும்.

4. தீனி இட்டுவரும்போதே, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து சுழியாக இருந்தால் தொட்டி பக்குவமாகிவிட்டது என்று பொருள். பாதி நீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி ஈரத்துடன் கொண்டுவந்து போட்டால், தயிருக்கு உறை ஊற்றியது போல் வேலை விரைவில் முடியும். அப்போதும் பரிசோதனை செய்யாமல் மீன் விடலாகாது.

மீன் வாங்குதலும் விடுதலும்

40 லிட்டர் தொட்டிக்கு நான்கு மீன்கள் போதும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குதல் நன்று. முதிர்ந்த ஆணின் அடிவயிற்றில் கரிய கோடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் போன்ற வரிகளும் காணப்படும். பெண் சற்று உருண்டையாக இருக்கும். மிகச் சிறிய குஞ்சுகளில் வேறுபாடு தெரியாது.

கண்களைச் சுழற்றிச் சுற்றுமுற்றும் பார்க்கும், சுறுசுறுப்பான, வயிறு உருண்ட மீனாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயிறு ஒட்டியதை வாங்க வேண்டாம். ஆற்றில் பிடித்த மீன்களின் குடலில் புழுக்கள் இருப்பது சாதாரணம். ஆகவே புதிய மீன்களை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பது நல்லது. அந்தத் தொட்டிக்கும் பக்குவப்பட்ட பஞ்சு வேண்டும். இம்மீனுக்குச் செதில் இல்லாததால் மருந்துகள் எளிதில் தாக்கும். தாமிரம் கலந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

மீனை வலையால் அள்ளாமல் கிண்ணத்தால் நீருடன் மொண்டு எடுக்க வேண்டும். பேத்தை ஆபத்தில் நீரை விழுங்கித்தான் உப்புகிறது. நீருக்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கிவிடும். அதனை வெளியேற்ற முடியாமல் தலைகீழாக மிதந்து சாகவும் கூடும். வேடிக்கைக்காக அதனைச் சீண்டி உப்ப வைப்பது மீனை வதைப்பதாகும்.

தங்க மீன், கப்பி முதலிய மற்ற மீன்களை இதனுடன் விடக் கூடாது. அவற்றின் வாலையும் துடுப்பையும் பேத்தை கடித்துக் குதறிவிடும்.

உணவு

கெண்டைக்கு இடும் தவிடும் பிண்ணாக்கும் இதற்கு ஆகாது. சோறு, பொரி, உலர்ந்த தீனி ஆகியவற்றையும் பெரும்பாலும் தொடாது. இது ஊன் உண்ணும் மீன். இதன் பற்கள் நான்கு தகடுகளாக இணைந்து கிளியின் அலகு போல் அமைந்துள்ளன. அவை வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடுள்ள இரையைக் கடித்து நொறுக்கினால்தான் பல் தேய்ந்து அளவாக இருக்கும். அதற்கு ஏற்ற இரை நத்தை.

நத்தைக்கு நமது பகுதியில் பஞ்சமில்லை. ஆனால் வயலில் பொறுக்கிய நத்தையை நேரே தொட்டியில் போடுதல் தவறு. அதன் உடலில் பூச்சிமருந்தும் ஒட்டுண்ணிகளும் இருக்கக்கூடும். மருந்து தெளிக்காத குட்டையிலிருந்து சிறு நீர் நத்தைகள் சிலவற்றை எடுத்து, தனியே ஒரு மண் தொட்டியிலோ பழைய வாளியிலோ விட்டு, கழுவிய கீரைத் தண்டும் வெள்ளரித் துண்டும் போட்டு வளர்க்க வேண்டும். அவை முட்டையிட்டுப் பொரிக்கும் இரண்டாம் தலைமுறைக் குஞ்சு நத்தைகளையே மீனுக்கு இட வேண்டும். மீனின் கண் அளவுள்ள நத்தை ஏற்றது. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், மீனுக்கு இரண்டு மூன்று வீதம் இடலாம்.

மற்ற வேளைகளில் டாப்னியா, உறைய வைத்த இரத்தப் புழு, கொசுப்புழு ஆகியவற்றைக் கொடுக்கலாம். கொசுப்புழுவை நல்ல நீருள்ள இடத்தில் வடித்தெடுத்து அலசி, உடனே தின்று தீர்க்கும் அளவே இட வேண்டும். இதற்கென வீட்டில் நீர் தேக்கிக் கொசு வளர்த்தல் கூடாது. சாக்கடையில் எடுக்கும் டியூபிபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரும். அதனைத் தவிர்க்கவும்.

நாள்தோறும் காலையும் மாலையும் சிறிதளவு கொடுத்து, வயிறு லேசாக உருண்டவுடன் நிறுத்த வேண்டும். மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

வாராந்திரப் பணி

வாரம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒரு சிறு வாளி அளவான 10 லிட்டர் நீரை, குழாய் வைத்து அடிமணலில் உள்ள கழிவுடன் உறிஞ்சி எடுத்து, புதிய நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். எடுத்த நீரைத் தோட்டத்துச் செடிகளுக்கு விடலாம். அது நைட்ரேட் கலந்த நல்ல உரநீர்.

வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவுவது பெருந்தவறு. குளோரின் பட்டு, நாம் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா அழிந்துவிடும். வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே பஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். வெயிலில் காய வைக்கவும் கூடாது.

மாதம் இரு முறை பரிசோதனை செய்ய வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகவும், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். அம்மோனியா தென்பட்டால் அன்றே பாதி நீரை மாற்றித் தீனியைக் குறைக்கவும்.

கோடையில் கவனம்

22 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இம்மீனுக்கு ஏற்ற வெப்பம். கத்திரி வெயில் நாட்களில் தஞ்சை வட்டாரத்தில் அறையின் வெப்பமே இதைத் தாண்டிவிடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். தொட்டியைக் குளிர்ச்சியான உள் அறையில் வைத்து, கண்ணாடி மூடிக்குப் பதில் வலை மூடியிட்டு, நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்றுப் படும்படி செய்தால் பானை நீர் குளிர்வது போல் தொட்டி நீரும் குளிரும். ஆவியாகும் அளவுக்கு நீரைச் சேர்க்க வேண்டும். மின்தடை நீடித்தால், சிறு குவளையால் நீரை மொண்டு மெதுவாக மேலிருந்து ஊற்றினால் காற்றுக் கலக்கும்.

இனப்பெருக்கம்

நன்கு பராமரித்த தொட்டியில் குள்ளப் பேத்தை குஞ்சு பொரிக்கும். பாசிக் கொத்துகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் அளவில் கண்ணாடி போன்ற முட்டைகளை இடும். தாய் தந்தை மீன்களே அவற்றைத் தின்றுவிடக்கூடும். ஆகவே பாசியோடு எடுத்துத் தொட்டி நீர் நிரப்பிய தனிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். சுமார் ஐந்து நாளில் குஞ்சு வெளிவரும். முதலில் பாசி படிந்த நீரில் உள்ள நுண்ணுயிர்களையும், பிறகு புதிதாகப் பொரித்த ஆர்டீமியா குஞ்சுகளையும் இரையாகத் தரலாம். பெரியவை சிறியவற்றைக் கடிப்பதால் அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். இவ்வாறு வீட்டில் பொரித்த மீனை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தால், அந்த அளவுக்கு ஆற்று மீன் பிழைக்கும்.

வாய்க்காலில் விடாதீர்

வளர்க்க முடியாமல் போனால் மீனை வாய்க்காலிலோ குளத்திலோ விடலாகாது. இது காவிரிக்கு உரிய மீன் அன்று. தொட்டியின் நோய்களையும் அது உடன் கொண்டுசெல்லும். 1952ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று நமது குளங்களில் எவ்வளவு பெருகிவிட்டது என்பதை அனைவரும் அறிவர். வேண்டாத மீனை, பக்குவமான தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடமோ, வாங்கிய கடையிலோ ஒப்படைப்பதே முறை.

சுருங்கக் கூறின், பேத்தை வளர்ப்பில் மூன்று விதிகள்: மீனுக்கு முன் நீரைப் பக்குவப்படுத்துக, மருந்து படாத நத்தையைக் கொடுக்க, செத்த மீனையும் எவரும் எதுவும் தின்னாமல் காக்க. ஆறு வாரம் பொறுத்திருந்து தொடங்குபவர் வீட்டில், கண்ணைச் சுழற்றிப் பார்க்கும் இச்சிறு மீன் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து மகிழ்ச்சி தரும்.